மின்தேக்கிக் கொள்ளைநோய்: தொடங்கும்போதே முடங்கிய கணினிகளின் வரலாறு

1990களின் இறுதியிலிருந்து 2000களின் பிற்பகுதி வரை, மேசைக் கணினிகளின் தாய்ப்பலகைகளிலும் மின்வழங்கிகளிலும் இருந்த அலுமினிய மின்பகுளி மின்தேக்கிகள் வாழ்நாள் முடியும் முன்பே பெருமளவில் பழுதடைந்தன. இந்நிகழ்வு மின்தேக்கிக் கொள்ளைநோய் என்று அழைக்கப்படுகிறது. பழுது நேர்ந்த உறுப்பின் விலை மிகச் சிறியது. ஆனால் அது கணினி முழுவதையும் முடக்கியது. பெரும்பாலும் கணினி தொடங்கும் முதல் ஒரு நிமிடத்திலேயே அது நடந்தது. அதனால்தான் இந்தப் பழுதைக் கண்டறிவது அவ்வளவு கடினமாக இருந்தது. நல்ல நினைவகத் தகடுகள் குப்பைக்குப் போயின, இயக்குதளம் திரும்பத் திரும்ப நிறுவப்பட்டது. எதிலும் பயன் கிட்டவில்லை.

மின்தேக்கியைப் பழுதுபார்க்கும் கடைகளில் இன்றும் ‘கன்டென்சர்’ என்றே சொல்வார்கள். பாடநூல் சொல்லும் கடைச்சொல்லும் ஒரே பொருளைத்தான் குறிக்கின்றன.

கணினியின் தற்சோதனையும் அதன் எல்லையும்

ஐபிஎம் நிறுவனம் 1981 ஆகஸ்டில் 5150 என்ற தனியாள் கணினியை அறிமுகப்படுத்தியபோது, மின்சாரம் வந்தவுடன் கணினி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் ஒரு சிறு நிரலையும் அதன் அழியா நினைவகத்தில் வைத்தது. எல்லாம் சரியாக இருந்தால் ஒரு குறுகிய ‘பீப்’ ஒலி கேட்கும். பழுது இருந்தால் திரையில் ஓர் எண் தோன்றும். 201 என்றால் நினைவகம், 301 என்றால் விசைப்பலகை, 601 என்றால் நெகிழ்வட்டு இயக்ககம். நினைவகப் பழுதாயின் 201க்கு முன்னால் வேறு சில எண்களும் வரும். அவற்றைக் கொண்டு எந்த வரிசையில் எந்தச் சில்லு பழுது என்றுகூடக் கண்டுபிடிக்க முடிந்தது. கையேட்டைத் திறந்து எண்ணைத் தேடிச் சில்லை மாற்றினால் வேலை முடிந்தது.

திரையே வேலை செய்யாவிட்டால் என்ன செய்வது? அதற்கு ஒலிக்குறிகள் இருந்தன. அமி, அவார்டு, ஃபீனிக்ஸ் ஆகிய நிறுவனங்கள் எழுதிய பயாஸ் நிரல்களில் ஒவ்வொன்றும் தனித்தனி ஒலி மொழியைப் பேசியது. ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குறுகிய ஒலிகளும் கேட்டால் அவார்டு பயாஸில் காட்சி அட்டையில் சிக்கல் என்று பொருள். அதே குறி இன்னொரு பயாஸில் வேறொன்றைச் சொல்லக்கூடும். இதனால் பட்டியலை மனப்பாடம் செய்த பழுதுபார்ப்பாளர்கூட முதலில் பயாஸ் யாருடையது என்று பார்க்க வேண்டியிருந்தது. 1984இல் வந்த ஐபிஎம் ஏடி கணினிக்குப் பின்னர், சோதனையின் ஒவ்வொரு படியிலும் ஓர் எண்ணைக் குறிப்பிட்ட முகவரிக்கு அனுப்பும் வழக்கம் பரவியது. அந்த எண்ணை இரண்டு இலக்கங்களில் காட்டும் சோதனை அட்டைகள் விற்பனைக்கு வந்தன. கணினி எந்தப் படியில் நின்றதோ அந்த எண் அட்டையில் நிலைத்து நிற்கும்.

இந்த ஏற்பாட்டில் ஓர் அடிப்படைக் குறை உண்டு. சோதனையை நடத்துவது செயலி. அந்தச் செயலிக்கு நிலையான மின்னழுத்தம் கிடைக்காவிட்டால், சோதிப்பவரே மயக்கத்தில் இருக்கும் நிலைதான். மின்வழங்கியின் பக்கமிருந்து தாய்ப்பலகைக்கு வருவது ‘மின்சாரம் சரி’ என்ற ஒரே ஒரு சமிக்ஞை. மின்வழங்கியின் வெளியீடுகள் நிலைபெற்ற பிறகே அது தரப்படும். ஆனால் அந்த மின்சாரம் தாய்ப்பலகைக்குள் நுழைந்த பிறகு செயலியின் வாசல்வரை எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதைப் பற்றி அந்தச் சமிக்ஞை எதுவும் சொல்லாது. கொள்ளைநோய் வந்தது இந்த இடைவெளியில்தான்.

செயலிக்குப் பக்கத்தில் ஏன் அத்தனை மின்தேக்கிகள்

1990களின் தொடக்கத்தில் செயலிகள் 5 வோல்ட்டில் இயங்கின. மின்வழங்கி தரும் 5 வோல்ட்டை அப்படியே கொடுத்தால் போதும். பத்தாண்டு முடிவதற்குள் அது 2 வோல்ட்டுக்கும் கீழே இறங்கியது. வேகம் கூடியதால் திறனும் கூடியது. 60 வாட் திறனை 1.5 வோல்ட்டில் தர வேண்டுமானால் 40 ஆம்பியர் மின்னோட்டம் தேவை. ஒரு வீட்டின் பல அறைகளுக்குப் போகும் மின்னோட்டத்தைவிட அதிகமான இந்த அளவு, தீப்பெட்டி அளவுள்ள ஒரு சில்லுக்குப் போகிறது.

இதற்காகத் தாய்ப்பலகையில் செயலியை ஒட்டியே ஒரு மின்னழுத்தச் சீராக்கிச் சுற்று அமைக்கப்பட்டது. அது 5 அல்லது 12 வோல்ட்டை நொடிக்கு இலட்சக்கணக்கான முறை வெட்டி வெட்டிக் குறைந்த மின்னழுத்தமாக மாற்றும். வெட்டப்பட்ட மின்சாரம் அலையலையாக வரும். அந்த அலையைச் சமன் செய்வதும், செயலி திடீரென அதிக மின்னோட்டம் கேட்கும் கணத்தில் கையிருப்பிலிருந்து கொடுப்பதும் மின்தேக்கிகளின் வேலை. செயலியைச் சுற்றி உருளை வடிவில் வரிசையாக நிற்பவை அவைதான். 6.3 வோல்ட் தாங்கும், 1000 முதல் 3300 மைக்ரோஃபாரட் வரையிலான மின்தேக்கிகள் இந்த இடத்தில் வழக்கமாகப் பயன்பட்டன.

இந்த வேலைக்குத் தேக்கும் அளவு மட்டும் போதாது. மின்தேக்கியின் உள்ளே இயல்பாகவே இருக்கும் சிறிய மின்தடை மிகக் குறைவாக இருக்க வேண்டும். அந்தத் தடை கூடினால் அலை அடங்காது, மின்தேக்கியும் சூடாகும். சூடு தடையை இன்னும் கூட்டும் நிலைக்குக் கொண்டுபோகும். அலுமினியத் தாள், அதன் மேல் மெல்லிய அலுமினிய ஆக்சைடு படலம், இடையே மின்பகுளியில் நனைந்த காகிதம் என்று சுருட்டப்பட்ட அமைப்பில், தடையைக் குறைக்க எளிய வழி மின்பகுளியில் தண்ணீரின் பங்கைக் கூட்டுவது. 1990களின் பின்பாதியில் ஜப்பானிய உற்பத்தியாளர்கள் அப்படிப்பட்ட மின்தேக்கிகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தனர். அவை சிறியவை, மலிவானவை, திறமையானவை.

தண்ணீருக்கும் அலுமினியத்துக்கும் ஒத்துவராது என்பது பள்ளி வேதியியல். ஆக்சைடு படலம் பழுதாகும் இடத்தில் தண்ணீர் அலுமினியத்தோடு வினைபுரிந்து அலுமினியம் ஹைட்ராக்சைடையும் ஹைட்ரஜன் வாயுவையும் உண்டாக்கும். இதைத் தடுக்க மின்பகுளியில் பாஸ்பேட் போன்ற தடுப்புப் பொருள்களைச் சேர்க்க வேண்டும். எதை, எவ்வளவு, எதனோடு சேர்ப்பது என்பதுதான் தொழில் இரகசியம்.

காலையில் நான்காம் முறை

பழுது எப்படித் தோன்றியது என்பதைப் பார்த்தால், அதைக் கண்டுபிடிக்க ஏன் இவ்வளவு காலம் பிடித்தது என்பது விளங்கும்.

ஓராண்டு, ஒன்றரை ஆண்டு நன்றாக ஓடிய கணினி ஒரு நாள் காலையில் தொடங்க மறுக்கும். விசிறி சுழலும், திரை கறுப்பாகவே இருக்கும். அணைத்துவிட்டு மீண்டும் போட்டால் விண்டோஸ் சின்னம் வரை வந்து நீலத் திரையோடு நிற்கும். மூன்றாம் முறை தானாகவே மறுதொடக்கம் ஆகும். நான்காம் முறை ஒன்றுமே நடக்காததுபோல் தொடங்கி மாலை வரை ஒழுங்காக ஓடும். பழுதுபார்க்கும் கடைக்கு எடுத்துச் சென்றால், அங்கே முதல் முறையிலேயே தொடங்கிவிடும் சங்கடமும் உண்டு.

இதற்குக் காரணம் மின்பகுளியின் வெப்பநிலை. குளிர்ந்த மின்பகுளியில் உள் தடை அதிகம். பாதி காய்ந்துபோன மின்தேக்கியில் அது இன்னும் அதிகம். ஒவ்வொரு தோல்வியுற்ற முயற்சியும் மின்தேக்கியைச் சற்றே சூடாக்குகிறது, தடை குறைகிறது, ஏதோ ஒரு முயற்சியில் செயலிக்குப் போதுமான அளவு அலை அடங்கிவிடுகிறது. தொடக்க நேரமோ மின்சாரத் தேவை திடீரெனத் தாவும் நேரம். வன்தட்டு நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட் இணைப்பிலிருந்து ஏறத்தாழ 2 ஆம்பியர் இழுக்கும். இயக்குதளம் ஏறும்போது செயலி ஓய்வுக்கும் முழுவேலைக்கும் இடையே மாறி மாறித் தாவும். தேறிய மின்தேக்கி இதைக் கவனிக்கக்கூட மாட்டாது, நலிந்தது இங்கேதான் விழும்.

இந்த அறிகுறிகளைக் கண்டவர்கள் முதலில் நினைவகத்தைச் சந்தேகித்தார்கள். அதில் தவறில்லை. விண்டோஸ் எக்ஸ்பியை நிறுவும்போது கோப்பு ஒன்றைப் படியெடுக்க முடியவில்லை என்று பாதியில் நின்றால், நினைவகத்தைப் பார் என்பதே அக்காலப் பாடம். கிறிஸ் பிராடி 1990களில் எழுதிய மெம்டெஸ்ட்86 நிரலை ஓட்டிப் பார்த்தால் பிழைகளும் தோன்றும். ஆனால் அந்தப் பிழைகளின் இயல்பில் ஒரு வேறுபாடு இருந்தது. பழுதான நினைவகச் சில்லு பொதுவாக ஒரே முகவரியில், ஒரே பிட்டில் திரும்பத் திரும்பத் தவறும். மின்னழுத்தம் ஆடும் கணினியில் பிழைகள் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடங்களில் சிதறும். நினைவகத்தை வேறொரு கணினியில் செருகினால் ஒரு பிழையும் வராது. நீலத் திரையின் எண்ணும் அப்படித்தான்: ஒரே இயக்கியைச் சுட்டும் ஒரே எண் மீண்டும் மீண்டும் வந்தால் மென்பொருளைப் பார்க்கலாம், தினமும் ஒரு புது எண் வந்தால் அடியில் இருப்பது வன்பொருள் பழுது என்று கொள்ளலாம். எக்ஸ்பி முடங்கியவுடன் தானாக மறுதொடக்கம் ஆகும்படி அமைக்கப்பட்டிருந்ததால், அந்த எண்ணைப் படிப்பதற்குள் திரை மறைந்துவிடும். பலர் நீலத் திரையையே பார்த்ததில்லை, ‘தானாக ரீஸ்டார்ட் ஆகிறது’ என்று மட்டும் சொன்னார்கள்.

அடுத்த சந்தேகம் மின்வழங்கி மேல், அதாவது கடைவழக்கில் எஸ்எம்பிஎஸ் மேல். அதுவும் பாதி உண்மை. அதற்குள்ளும் இதே வகை மின்தேக்கிகள் இருந்தன. குறிப்பாக, கணினி அணைந்திருக்கும்போதும் 5 வோல்ட் தந்துகொண்டிருக்கும் காத்திருப்புச் சுற்று, சுவர்ச் சுவிட்ச் போட்டிருக்கும் வரை ஓய்வில்லாமல் இயங்குகிறது. கணினியைப் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் அதன் மின்தேக்கி முதுமையடையும். மின்வழங்கியை மாற்றினால் சில கணினிகள் சரியாயின. வேறு சில ஒரு மாதம் மட்டும் சரியாக இருந்தன. தூய்மையான புது மின்சாரம், நலிந்த தாய்ப்பலகைக்குக் கொஞ்சம் கால அவகாசம் கொடுத்தது, அவ்வளவுதான்.

உண்மையான சோதனை பக்கத் தகட்டைக் கழற்றி ஒரு விளக்கைப் பிடிப்பதுதான். மின்தேக்கியின் அலுமினியத் தலையில் கூட்டல் குறி அல்லது கே எழுத்து வடிவில் மெல்லிய கீறல்கள் இருக்கும். உள்ளே வாயு சேர்ந்தால் வெடிக்காமல் அந்த இடத்தில் பிளந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இடப்பட்டவை அவை. நல்ல மின்தேக்கியின் தலை நாணயம்போல் தட்டையாக இருக்கும். பழுதானது உப்பியிருக்கும், பிளந்த இடத்தில் பழுப்பு நிறப் பொருக்கு இருக்கும். சிலவற்றில் வாயு கீழே உள்ள இரப்பர் அடைப்பைத் தள்ளுவதால் மின்தேக்கி ஒருபக்கம் சாய்ந்து நிற்கும். தொழிற்சாலையில் உறுப்புகளை அசையாமல் பிடிக்கப் பூசும் பசையைக் கசிவு என்று எண்ணி ஏமாந்தவர்களும் உண்டு. பசை அடியில் மட்டும்தான் இருக்கும், தலையில் ஏறாது.

உப்பாமலே கெட்டுப்போன மின்தேக்கிகளும் இருந்தன. அவற்றைச் சாதாரண மீட்டரால் பிடிக்க முடியவில்லை. தேக்கும் அளவு ஏறத்தாழச் சரியாகவே காட்டும், உள் தடை மட்டும் பல மடங்காகியிருக்கும். அந்தத் தடையை மாறுமின்னோட்டத்தில் அளக்கும் தனி மீட்டர்கள் தொலைக்காட்சி பழுதுபார்ப்போரிடம் முன்பே புழக்கத்தில் இருந்தன. கணினி பழுதுபார்ப்போர் அவற்றை வாங்கத் தொடங்கியது இந்தக் காலத்தில்தான்.

மின்பகுளியில் இல்லாத பொருள்

2002இன் பிற்பகுதியில் மின்னணு உறுப்புத் தொழிலுக்கான ஓர் அமெரிக்க இதழ் இந்தப் பழுதுகளுக்கு ஒரு விளக்கத்தை வெளியிட்டது. 2003 பிப்ரவரியில் ஐஇஇஇ ஸ்பெக்ட்ரம் இதழும் இதைப் பற்றி எழுதியது. ஜப்பானிய நிறுவனம் ஒன்றில் இருந்த ஒரு பொருளறிவியலாளர் சீனாவில் வேலைக்குச் சேர்ந்து மின்பகுளிச் சூத்திரத்தைப் படியெடுத்தார், அவரிடம் வேலை செய்தவர்கள் அதைத் தைவானுக்குக் கொண்டுபோனார்கள், ஆனால் அவர்கள் கையில் இருந்தது முழுமையான சூத்திரம் அல்ல என்பது அந்தச் செய்தி. திருடியவர்களைத் திருட்டுப் பொருளே தண்டித்தது என்ற கதைச்சுவை இருந்ததால் இது உலகம் முழுவதும் பரவியது.

கதையின் உளவுப் பகுதியைவிட வேதியியல் பகுதிக்கு வலுவான ஆதாரம் உண்டு. மேரிலாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹில்மன், ஹெல்மோல்டு ஆகிய இருவர் பழுதான மின்தேக்கிகளைப் பகுத்தாய்ந்தனர். உள்ளே ஹைட்ரஜன் வாயு இருந்தது. நல்ல மின்பகுளி அமிலத்தன்மை கொண்டது, பழுதானவற்றில் இருந்ததோ பிஎச் 7க்கும் 8க்கும் இடைப்பட்டது. அலுமினிய அரிப்பைத் தடுக்க வேண்டிய பாஸ்பேட் இல்லை, அல்லது போதிய அளவில் இல்லை. 

இழப்பின் அளவை ஒரு சிறு கணக்கால் உணரலாம். 105 பாகை செல்சியசில் 2000 மணி நேரம் உழைக்கும் என்று குறிக்கப்பட்ட நல்ல மின்தேக்கி, வெப்பநிலை ஒவ்வொரு 10 பாகை குறையும்போதும் ஏறத்தாழ இருமடங்கு காலம் உழைக்கும். 65 பாகையில் அது 16 மடங்காகி 32,000 மணி நேரமாகிறது. நாளுக்கு 8 மணி நேரம் என்றால் ஏறத்தாழ 11 ஆண்டுகள். நோயுற்ற மின்தேக்கிகள் இரண்டு ஆண்டுகளுக்குள்ளாகவே உப்பின.

தாய்ப்பலகை நிறுவனங்களில் சிக்கலை வெளிப்படையாக ஒப்புக்கொண்ட மிகச் சிலவற்றுள் தைவானின் ஏபிட் ஒன்று. பெரும்பாலானவை மௌனம் காத்தன. உத்தரவாதக் காலம் ஓராண்டு, பழுது வந்தது பெரும்பாலும் அதற்குப் பிறகு. அந்த மௌனத்தின் விலையைக் கொடுத்தவர்கள் வாங்கியவர்களே.

டெல் வழக்கு

இந்த வரலாற்றின் மிகப் பெரிய அத்தியாயம், மேற்கண்ட திருட்டுக் கதைக்குள் அடங்காதது. டெல் நிறுவனத்தின் ஆப்டிபிளெக்ஸ் கணினிகளில் பழுதான மின்தேக்கிகள் தைவானியத் தயாரிப்புகள் அல்ல. அவை நிச்சிகான் என்ற பெயர்பெற்ற ஜப்பானிய நிறுவனத்துடையவை. ‘ஜப்பானியது என்றால் நம்பலாம்’ என்று அக்காலத்தில் பழுதுபார்ப்போர் சொல்லிவந்த விதி இங்கே பொய்த்தது. நோய்க்கு ஒரே காரணம் இருந்தது என்று எழுதும் கட்டுரைகளை இதனால் ஐயத்தோடு படிக்க வேண்டும்.

2003 மே முதல் 2005 ஜூலை வரை டெல் விற்ற ஒரு கோடியே 18 இலட்சம் கணினிகள் இந்த இடருக்கு உட்பட்டவை. பழுதுகளைச் சரிசெய்யவும் மாற்றித்தரவும் 2005இல் 30 கோடி டாலரை நிறுவனம் கணக்கில் எழுதியது. வட கரோலைனாவைச் சேர்ந்த ஓர் இணைய சேவை நிறுவனம் 2007இல் வழக்குத் தொடுத்தது. அதில் தாக்கலான ஆவணங்கள் 2010இல் பொதுவெளிக்கு வந்தன. மூன்று ஆண்டுக் காலத்தில் இந்தக் கணினிகளில் 97 விழுக்காடு வரை சிக்கல் தரக்கூடும் என்று நிறுவனத்தின் உள் ஆய்வே மதிப்பிட்டிருந்ததாக அவற்றில் இருந்தது. பலகைகள் மோசமானவை என்று தோன்றும் சொற்களை வாடிக்கையாளரிடம் பேசும்போது தவிர்க்கும்படி ஊழியர்களுக்குச் சொல்லப்பட்டிருந்ததும் வெளிவந்தது.

ஆவணங்களில் ஒரு செய்தி இந்தக் கட்டுரையின் பொருளுக்கு நேரடியாகத் தொடர்புடையது. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகக் கணிதத் துறையில் கணினிகள் தொடர்ந்து பழுதானபோது, கடினமான கணக்குகளைச் செய்யவைத்து அவற்றை அளவுக்கு மீறி வருத்தியதே காரணம் என்று டெல் கூறியது. கணிதத் துறை கணினியில் கணக்குப் போட்டதைக் குற்றமாகச் சொன்ன இந்த விளக்கம் செய்தியானபோது பலரும் சிரித்தார்கள். ஆனால் அந்தக் காலத்தில், கையில் ஆவணம் எதுவும் இல்லாமல் அந்தப் பதிலைக் கேட்டவர்களுக்கு அது நகைச்சுவையாக இருந்திருக்காது. பழுது எங்கே என்று தெரிந்தவர் சொல்லாமல் இருக்கும்போது, தெரியாதவர் தன்னையே சந்தேகிக்கத் தொடங்குகிறார். டெல்லுக்காக வாதாடிய சட்ட நிறுவனமே தன்னிடமிருந்த ஆயிரம் கணினிகளைச் சரிசெய்து தரும்படி கேட்டு, அதற்கு டெல் தயங்கியதும் அதே ஆவணங்களில் உண்டு.

பழுதான தாய்ப்பலகைக்குப் பதிலாகப் பொருத்தப்பட்டதும் சில நேரங்களில் அதே குறையுள்ள இன்னொரு பலகையாக இருந்தது. ‘நன்றாக இருப்பதாகத் தெரிந்த உறுப்பை மாற்றிப் பார்’ என்பதே பழுதறிதலின் முதல் முறை. மாற்று உறுப்பும் நோயுற்றது என்றால் அந்த முறை தவறான விடையைத்தான் தரும்: பலகையை மாற்றியும் சரியாகவில்லை, ஆகவே குற்றம் வேறெங்கோ இருக்கிறது என்று.

மாற்றிப் பொருத்தியவர்களும் பின்வந்த மாற்றமும்

நிறுவனங்கள் கைவிட்ட கணினிகளைப் பற்றவைப்புக் கோலுடன் காப்பாற்றியவர்கள் பலர். வேலை எளிதல்ல. தாய்ப்பலகை நான்கு அல்லது ஆறு செப்பு அடுக்குகளால் ஆனது. தரை இணைப்புக்கான அடுக்கு வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால், சிறிய கோலால் ஈயம் உருகாது, வலிந்து இழுத்தால் துளையின் உட்பூச்சே பிய்ந்துவரும். மின்தேக்கியின் பக்கத்தில் உள்ள பட்டை எதிர்முனையைக் குறிக்கும். பலகையில் நிழலிட்ட பக்கம் எதிர்முனை என்பது பொதுவழக்கு. சில பலகைகளில் அது நேர்மாறாக இருந்ததால், பழையதைக் கழற்றும் முன் அது நின்ற திசையைக் குறித்துக்கொண்டவர்களே தப்பினார்கள். தலைகீழாகப் பொருத்திய மின்தேக்கி சில நொடிகளில் வெடிக்கும்.

2000களின் நடுவிலிருந்து தாய்ப்பலகை நிறுவனங்கள் செயலியைச் சுற்றித் திரவ மின்பகுளிக்குப் பதிலாகக் கடத்தும் பலபடியைக் கொண்ட திண்ம மின்தேக்கிகளைப் பொருத்தத் தொடங்கின. முதலில் விலையுயர்ந்த பலகைகளில் மட்டும், பிறகு மற்றவற்றிலும். இவற்றில் காய்ந்துபோகத் தண்ணீர் இல்லை, தலையில் கீறலும் தேவையில்லை. ‘அனைத்தும் திண்ம மின்தேக்கிகள்’ என்ற வரி பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சானது. எதைப் பற்றி முன்பு பேசவே மறுத்தார்களோ, அது விளம்பரமாயிற்று.

மின்வழங்கிகளில் திரவ மின்பகுளி மின்தேக்கிகள் இன்றும் பயன்படுகின்றன. உயர்விலைத் தாய்ப்பலகைகள் பலவற்றில் பழைய சோதனை அட்டையின் இரண்டு இலக்கத் திரை பலகையிலேயே பதிக்கப்பட்டு வருகிறது. அந்த எண்களை அனுப்புவது இன்றும் செயலிதான்.